இரண்டு டிக் விழுந்த படிவம்

எந்த இனத்துப் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டறிந்து மேலிடத்துக்குச் சமர்ப்பிக்கும் மாபெரும் பொறுப்பு எங்கள் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் இடுப்பளவையும் ரத்த அழுத்தத்தையும் நர்ஸ் அளப்பார். இனக் கட்டத்தில் ஒரே ஒரு டிக் இருக்கிறதா என்று பார்க்கும் கண்காணிப்பாளர் அடியேன். பதினோரு வருட அனுபவம்.

ஒரு நாள் நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தார். "சார், இதுல ரெண்டு டிக் இருக்கு."

"திருப்பி அனுப்புங்க. யாரு அந்தப் பொறுப்பில்லாத அப்பன்?"

"நீங்கதான் சார். உங்க பொண்ணு."

என் மனைவி வேறு இனம். காதலிக்கும்போது படிவம் ஞாபகத்துக்கு வரவில்லை. மகளுக்கு வயது பத்து. இடுப்பு எழுபது சென்டிமீட்டர். எங்கள் அட்டவணைப்படி என் இனத்துக்கு அறுபத்தெட்டைத் தாண்டினால் அபாயம். மனைவி இனத்துக்கு எழுபத்திரண்டு வரை கவலையில்லை.

"என் பக்கம் டிக் போட்டா நல்லா இருப்பா, உங்க பக்கம் போட்டா நோயாளியா?" என்றாள் மனைவி, அன்றிரவு வீட்டில்.

"விதி அப்படி."

"அப்போ என் பக்கமே போட்டுடுங்க."

பேனாவை எடுத்து மகளைக் குணப்படுத்தினேன்.

இரண்டு நாளில் நர்ஸ் மறுபடி வந்தார். "சார், ரத்த அழுத்தம் எந்தப் பக்கம் போட்டாலும் அதிகமாத்தான் இருக்கு. மாடிப்படி ஏறச் சொன்னேன். பாதியிலேயே உட்கார்ந்துட்டா."

மகளின் படிவத்தை மறுபடி கையில் எடுத்தேன்.

"அவ மட்டுமில்ல சார். ரொம்ப மோசமா இருக்கிறது பதினாலு பிள்ளைங்க. நாலு இனம். ஆனா பதினாலும் நம்ம ஆபீஸ்காரங்க பிள்ளைங்க."

பள்ளி விட்டதும் அவர்கள் நேரே எங்கள் வராந்தாவுக்கு வந்துவிடுவார்கள். ஊர்ப் பிள்ளைகளின் இதயத்தை நாங்கள் காப்பாற்றி முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஓடினால் அதட்டுவது நான். கையில் போனும் சிப்ஸ் பாக்கெட்டும் கொடுத்து உட்கார வைப்பதும் நான்தான்.

இருவரும் இயக்குநரிடம் போனோம். "பின்னாடி வண்டி நிறுத்துற இடத்தைச் சாயங்காலம் விட்டுக்கொடுத்தா பிள்ளைங்க ஓடி விளையாடும் சார்," என்றார் நர்ஸ்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு இனத்துக்கும் ஒரே பெஞ்சு, ஒரே தீனி, ஒரே அதட்டல். அட, இது தனி இனம்மா!"

"சார், அந்த இடம்..."

"அது ஆராய்ச்சிக்குள்ள வராது."

பத்தே நாளில் ஆணை பிறந்தது. படிவத்தில் 'அலுவலர் இனம்' என்று புதுக் கட்டம். பதினான்கு பேரில் மிகப் பெரிய இடுப்பும் மிக உயர்ந்த ரத்த அழுத்தமுமே அந்த இனத்தின் வரம்பு. ஆகவே பதினான்கு பேரும் பூரண ஆரோக்கியம். அலுவலகக் கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினோம்.

நர்ஸ் தட்டவில்லை. "நீங்களாவது சொல்லுங்க சார்," என்று என் காதருகே கிசுகிசுத்தார்.

சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் இயக்குநர், புது இனத்துக்குத் தனிப் பிரிவு, அதற்குத் தலைவர் நான் என்று அறிவித்துவிட்டார். திறந்த வாயை வீணாக்காமல் "நன்றி சார்" என்றேன்.

புதுப் பிரிவில் வேலை அதிகம். வீட்டுக்குக் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகிறது. பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை என்று வராந்தாவுக்கு இன்னொரு பெஞ்சு கேட்டு எழுதியிருக்கிறேன்.