தறிக்குழி வைத்தியம்

மனைவியின் விலா வலியை இயற்கை முறையில் தீர்த்தே தீருவது என்று ஜெகநாதன் சபதம் எடுத்தபோது, அவன் மனதில் இருந்தது மனைவியல்ல, பைக்.

தேவிப்ரியாவுக்கு எட்டாம் மாதம். குழந்தை வளர்ந்து மேலே முட்டுகிறது, பயப்பட ஒன்றுமில்லை, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து உட்காரட்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சேத்துப்பட்டில் அவள் அம்மா வீட்டில் முதுகு உயர்ந்த நாற்காலி ஒன்று சும்மா கிடந்தது. ஆனால் நெசவாளி வீட்டில் கூடம் என்பது தறிக்குச் சொந்தம். மிஞ்சிய ஒரே மூலையில் பைக், பழைய பட்டுத்துணி போர்த்திக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

"வண்டிய வெளிய நிறுத்துங்க."

"வெயில்ல பெயிண்ட் போயிடும் தேவி."

"இங்க எனக்கு உயிரே போவுது."

"அதுக்குத்தான் இயற்கை வைத்தியம்னு சொல்றேன்."

இயற்கை, போனிலிருந்து வந்தது. இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுத்தான். தலையணைகளை அடுக்கி இடப்பக்கம் படுக்க வைத்தான். இரண்டு கையையும் தூக்கி மூச்சிழுக்கச் சொன்னான். "போலீஸ்ல புடிச்ச மாதிரி கீதுங்க" என்றபடி அவளும் தூக்கினாள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் குறைந்தது, அப்புறம் திரும்பியது. திரும்பும்போதெல்லாம் அவள் கண் பைக் மேல் போயிற்று.

அந்தப் பார்வை தாங்காமல்தான் அவன் வாயை விட்டான்.

"என்னைப் பாரு. நாள் முழுக்கத் தறியில குந்திகினு கீறேன். என்னிக்காச்சும் விலா வலிச்சுதா? காலு குழியில, முதுகு நேரா. இத்த வுட இயற்கை இன்னா கீது?"

தேவிப்ரியா கொஞ்சம் யோசித்தாள். "கை குடுங்க. நானும் குந்திப் பாக்குறேன்."

உட்கார்ந்தாள். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டாள். கண்ணை மூடினாள்.

"அய்யோ, சொகமா கீதுங்க!"

ஜெகநாதன் வெற்றிப் பெருமிதத்தோடு டீ போடப் போனான். திரும்பி வந்தபோதும் அவள் எழவில்லை. மறுநாளும் அவனுக்கு முந்தி அங்கே இடம் பிடித்துவிட்டாள். எழுப்பலாமா என்று அவன் கை நீட்டிய நேரம், பக்கத்து வீட்டு அன்புச்செல்வி எட்டிப் பார்த்தாள்.

"குந்துன புள்ளத்தாச்சிய எழுப்பாதண்ணா. பாவு அறுந்து பூடும்."

ஒற்றை இழை அறுந்தாலே சோறு இறங்காதவன் அவன். தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவு நூல் மொத்தமும் என்றால்? கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

புடவை பாதியில் நின்றது. வேலை கொடுத்த முதலாளி பரசுராமன் போன் செய்தார்.

"முகூர்த்தப் பொடவப்பா. இன்னா பண்ணிகினு கீற?"

"சமைச்சிகினு கீறேங்க."

"தறி?"

"தறியில ஆள் கீதுங்க."

"ஆள் கீதுன்னா ஜல்தியா நெய்யச் சொல்லு!"

போனை வைத்துவிட்டுத் தேவியிடம் வந்தான். "கொஞ்சம் எழுந்துக்கறியா?"

"நீங்க சொன்ன வைத்தியமாச்சே. பாதியில வுட்டா பலிக்குமாங்க?"

அன்று மாலை ஜெகநாதன் தன் கையாலேயே பைக்கைத் தெருவுக்குத் தள்ளினான். வேன் பிடித்து நாற்காலியைக் கொண்டுவந்தான். குழியிலிருந்து அவளைத் தூக்கிவிட்டபோது அவள் முகம் சுளித்ததையும், விலாவை அழுத்திப் பிடித்ததையும் பார்த்தான். நாற்காலியில் சாய்ந்ததும் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அப்படியே தூங்கிப்போனாள். இவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. வெளியே தூறல் போட்டது. பைக் நனைந்தது. தறியில் உட்கார்ந்தவன் எழுந்து போகவில்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் இந்தப் பெண் இத்தனை ராத்திரி முழித்திருக்க மாட்டாளே என்று நினைத்தபோது, தறியில் கை ஓடவில்லை.

அவள் கண் விழித்ததும் மெல்லக் கேட்டான். வைத்தியம் பலித்தது என்ற பாதிப் பேராவது மிஞ்சாதா என்ற நப்பாசை.

"நாற்காலி கெடக்கட்டும். குழியும் சொகமாத்தான இருந்திச்சு?"

"குழியாங்க? அங்க குந்துனதுல விலாவோட இடுப்பும் சேந்து வலிச்சுது. நீங்க வண்டிய எடுக்கற வரிக்கும் பல்லக் கடிச்சிகினு இருந்தேன்."