பழுப்பு வளையம் குடித்த தண்ணீர்

கொல்லிமலையில் யாரையும் எதையும் நம்பாத ஒரே ஜீவன் எங்கள் ‘பழுப்பு வளையம்’தான். சேவல் கூவினால்கூட, அதைப் பிடித்து ஒரு சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் விடிந்ததை ஒத்துக்கொள்வார். அவருக்குக் கீழே ஆறு வருடம் குப்பை கொட்டியவன் நான். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இந்த வேலைக்கு வந்த அன்றே தலை சுற்றியது. அவரைப் பார்த்த பிறகு அது நிற்கவே இல்லை.

செம்மேட்டுப் பக்கம் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடம். கூடம் என்பது ஒரு மரியாதைக்கு. இரண்டு அறை, ஒழுகுகிற கூரை, கெமிஸ்டாக அவர், டைப் அடிப்பதிலிருந்து தரை துடைப்பது வரை நான். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் அயனிகள் இன்னின்னவை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீரில் இரும்பு சல்பேட்டைக் கலந்து, குழாயைச் சாய்த்து, கந்தக அமிலத்தை ஓரமாக வழிய விடுவார். நைட்ரேட் இருந்தால் இரண்டும் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் தோன்றும். அப்போது அவர் முகத்தில் வரும் பூரிப்பு, மகளுக்கு வளைகாப்பு நடத்தும் தகப்பனுக்குக்கூட வராது. பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

அதோடு விட்டாரா? மனுஷரையும் சோதிப்பார். “கண்ணு, நீ குளோரைடு மாதிரி. எல்லாத் தண்ணியிலயும் இருப்பே, ஒரு வேலையும் செய்ய மாட்டே” என்பார் என்னை. ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாரில் கம்பியை நனைத்து, நேராகச் சமையல்கட்டுக்குப் போய் அடுப்புத் தீயில் காட்டினார். தீ மஞ்சளாக எரிந்தது.

“சோடியம் தூக்கலா இருக்குதுங்க.”

சமையல்காரர் கரண்டியோடு எழுந்தார். “உப்பு சாஸ்தின்னு நாக்குல வெச்சுப் பார்த்தாத் தெரியாதுங்களா?”

“நாக்கு பொய் சொல்லுமுங்க. தீ சொல்லாது.”

அன்று கூடப் போன பாவத்துக்கு எனக்கும் பாயசம் கிடைக்கவில்லை.

அவர் ரிட்டயர் ஆக இரண்டு மாதம் இருக்கும்போது கூடத்துக்கு ஒரு மிஷின் வந்து இறங்கியது. தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, நைட்ரேட் எவ்வளவு என்று எண்ணாகவே காட்டிவிடும். பழுப்பு வளையத்துக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே! “வளையம் காட்டாம நம்பர் காட்டுதாம் நம்பர்” என்று முணுமுணுத்துக்கொண்டே, அன்றைக்குத் தண்ணீர் பிடித்து வர வேண்டிய பாட்டில்களைத் தயார் செய்தார். வாங்கிப் போக வந்திருந்தவர் நல்லம்மா. மலையில் திண்ணனூர் நாடு என்று சொல்லும் பகுதியில், பத்துப் பதினைந்து வீடுள்ள ஒரு சிற்றூர்க்காரர். அந்த ஊருக்கே ஒரே ஒரு ஊற்று.

மறுநாள் அவர் பிடித்து வந்த ஊற்றுத் தண்ணீரில் வளையம் வந்தது. சாதாரண வளையமா? காப்பி நிறத்தில் கெட்டி வளையம். மிஷினில் வைத்தால், அதுவும் எண்ணை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது.

“பார்த்தியா, மிஷினே எனக்கு ஒத்து ஊதுது!” என்று குதித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தர் அவரோடு ஒத்துப்போயிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் மறுபடி சோதிக்க மறந்துவிட்டார். ‘குடிக்க லாயக்கில்லை, ஊற்றை மூடவும்’ என்று நான் டைப் அடிக்க, ரிப்போர்ட் அன்றே போய்விட்டது.

இரண்டு நாளில் நல்லம்மா வந்து நின்றார்.

“ஏனுங்க சார், எங்க அப்புச்சி காலத்துல இருந்து குடிக்கறமுங்க. நாளைக்கு வந்து மூடறாங்களாம். அப்பறம் கீழ ஓடைக்குத்தானுங்க எறங்கோணும். ஊட்டுல மருமவ நெறமாசமா இருக்கறா. அவ எறங்குவாளுங்களா?”

“பொறக்கப்போற கொழந்தைக்குத்தான் சாமி நைட்ரேட்டு ஆகவே ஆகாது. நானும் பார்த்தேன், மிஷினும் பார்த்துச்சு.”

“ரெண்டு பேரும் பாட்டிலத்தானுங்களே பார்த்தீங்க? ஊத்தை ஆருங்க பார்த்தா?”

பழுப்பு வளையம் மிச்சத் தண்ணீர் இருந்த பாட்டிலையும் லிட்மஸ் தாளையும் பையில் போட்டார். “கண்ணு, கெளம்பு” என்றார். மேடு ஏறினாலே வலிக்கும் என் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பஸ் இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏற்றம். அட்டைக்கு என் ரத்தம் என்றால் உயிர். நாலு இடத்தில் கடித்தது. ஊற்றில் அவர் நீல லிட்மஸ் தாளை நனைத்தார். நீலம் நீலமாகவே இருந்தது. மிச்சமிருந்த பழைய பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து, அதில் இன்னொரு தாளை நனைத்தார். சிவப்பாக மாறியது. அமிலம்! ஊற்றில் இல்லாத அமிலம் பாட்டிலுக்குள் எப்படி வந்தது?

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அப்படியே பாறையில் உட்கார்ந்தார். இரும்பு, ஈயம் பார்க்கிற பாட்டிலில் முன்கூட்டியே இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டுக் கொடுப்பது வழக்கம். நைட்ரேட் பார்க்கிற பாட்டிலில் மறந்தும் விடக்கூடாது; விட்டால் அந்த அமிலமே நைட்ரேட்டாகக் காட்டும். மிஷின் மேலிருந்த கடுப்பில் அவர் இரண்டிலும் விட்டிருக்கிறார்.

“நைட்ரேட்டு ஊத்துல இல்ல சாமி” என்றார் நல்லம்மாவிடம். “என் கையில இருந்துச்சு.”

முப்பது வருட சர்வீசில் அவர் ரிப்போர்ட் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். அவர் புது பாட்டிலை ஊற்று நீராலேயே மூன்று முறை அலசித் தண்ணீர் பிடிக்கும்போது, நான் மெதுவாகக் காதோரம் சொன்னேன்: “சார், பாட்டில் சப்ளையே அழுக்குன்னு எழுதிடலாம். ஆருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே, குளோரைடு.”

நல்லம்மா ஒரு சொம்பில் ஊற்றுத் தண்ணீரை மொண்டு நீட்டினார். “மொகமெல்லாம் வேர்த்துப்போச்சுங்க. குடிங்க சார்.” கோயில் தீர்த்தத்தையே காகிதம் நனைத்துப் பார்த்துவிட்டுக் குடிக்கிற மனிதர். கை, பையிலிருந்த லிட்மஸ் தாளை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. சொம்பை வாங்கி, அண்ணாந்து, கடகடவென்று முழுவதும் குடித்தார். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் புதுத் தண்ணீரில் வளையம் வரவில்லை, மிஷினில் எண்ணும் ஏறவில்லை. ‘என் கவனக்குறைவால் நேர்ந்த தவறு’ என்று அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். ‘என்’ என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், விடவில்லை. ஊற்றை மூடவில்லை. அவருக்கு மெமோ வந்தது. அந்த மெமோவோடுதான் ரிட்டயர் ஆகி மலை இறங்கினார்.

இப்போது பாட்டில்களை நான்தான் அலசுகிறேன், மூன்று முறை. யாரும் என்னைத் திட்டுவதில்லை. முழங்கால் முன்னைவிட மோசம். ஆனால் அந்த மனுஷர் வந்து “கண்ணு, கெளம்பு” என்றால், அட்டைக் கடியோடு அந்த மேட்டை இன்னொரு முறை ஏறுவேன்.