இரண்டு நிமிட மனம்

மனித மனத்தை அளக்க உலகம் இத்தனை நூற்றாண்டுகளாகத் திணறியது. 1989-ல், ஆவடிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் அந்தத் திணறல் முடிவுக்கு வந்தது. அங்கே டாக்டர் மணவாளன் இரண்டே நிமிடத்தில் அளந்துவிடுவார். மூன்று கேள்வி, ஒரு படிவம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

சேக்காட்டில் என் பக்கத்து வீட்டு வேம்புலி, தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். ஒரு வாரமாக அண்ணனூர் தண்டவாளத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். அவர் அக்கா சொர்ணமும் நானும் அவரை அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம்.

"இன்னைக்கு என்ன தேதி?"

வேம்புலி சொன்னார்.

"இது எந்த ஊர்?"

சொன்னார்.

"நூறிலிருந்து ஏழு ஏழா கழி."

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று இறங்கியவர் மூச்சு விடாமல் இரண்டில் போய் நின்றார். கூடவே முணுமுணுத்துக் கழித்துவந்த நான், பி.எஸ்சி. கணிதம் படிப்பவன், எழுபத்தொன்பதிலேயே கழன்றுகொண்டேன். டாக்டர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

"மனநிலை சீர். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." டக்கென்று ஸ்டாம்ப்.

"சார், ராவெல்லாம் எய்ந்து எய்ந்து வாசலாண்ட போறான் சார்," என்றாள் சொர்ணம்.

"அதுக்குப் படிவத்துல இடமில்லம்மா."

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா அங்கம்மா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வேம்புலியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னா நைனா, தூங்கி எத்தினி நாளாச்சு? சோறு துன்னியா?"

"ஆரம்பிச்சாச்சா பெஞ்சு வைத்தியம்!" டாக்டர் சிரித்தார். "இனி நாப்பது நிமிஷம் ஊர்க்கதை ஓடும். இதுக்குப் பேரு விஞ்ஞானமா?"

ஓடியது. நாற்பதாவது நிமிடம் வேம்புலி உடைந்து அழுதார்.

"ரயிலு என் பேரைச் சொல்லிக் கூப்புடுது ஆயா. இன்னிக்கு அது கூடவே போயிடலாம்னு கீறேன்."

சிரிப்பு நின்றது. ஸ்டாம்ப் அடித்த தாள் கிழிந்தது. வேம்புலிக்குப் படுக்கை கிடைத்தது. புதுத் தாளில் பதிவானது: 'கண்டறிந்தவர்: டாக்டர் மணவாளன். நேரம்: இரண்டு நிமிடம்.'

நிர்வாகமும் தன் கடமையில் தவறவில்லை. நாற்பது நிமிடம் தரை பெருக்காத 'குற்றத்துக்கு' அங்கம்மாவுக்கு மெமோ. கையெழுத்து, அதே டாக்டர்.

பத்தாம் நாள் வேம்புலியைப் பார்க்கப் போனேன். நன்றாகத் தூங்கியிருந்தார், என் கணக்கைப் பற்றிக் கிண்டல்கூடச் செய்தார். திரும்பும்போது அவசரப் பிரிவை எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் டாக்டர். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னா நைனா, தூங்கி எத்தினி நாளாச்சு?"

பெருக்கிக்கொண்டே வந்த அங்கம்மா தலை நிமிராமல் சொன்னாள்:

"காலைக் கொஞ்சம் தூக்குங்க சார்."