ஆகாயத்தில் இருந்த செம்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எரிமலை அண்ணனைப் போலச் சாந்தமான மனிதர் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை. நாலடி தள்ளி நின்றால் அவர் பேசுவது கேட்காது. தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடுவதுதான் வேலை. அவருக்குப் போய் எரிமலை என்று பெயர் வைத்தவர்கள் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்கள். காரணம், வாயைத் திறந்தால் பூமிக்குள் பாறை உருகுவதைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு நான் கிளாக்கராகப் போனது எழுபதுகளின் நடுவில். எரிமலை அதற்குமுன் சில மாதம் திருகோணமலைப் பக்கம், செம்பு தேடிப் பூமியைத் துளைத்தவர்களின் கூடாரத்தில் சமையல்காரராக இருந்திருக்கிறார். அங்கிருந்த கல் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் சாப்பாட்டு வேளையில் பேச ஆள் இல்லாமல் இவரிடமே எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டார். அவர் பேசியதை இவர் மறக்கவில்லை. இவர் பேசியதை ஊரில் யாரும் கேட்கவில்லை. அதுதான் இவருடைய ஒரே மனக்குறை.

கல்லைக் கண்டால் எடுத்து எச்சில் தொட்டு ஈரமாக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஹட்டன் பஸ்ஸை வழியில் நிறுத்தச் சொல்லி, மண் சரிந்த இடத்தில் இறங்கிவிடுவார். ஒரு கல்யாணத்தில் பெண் அம்மி மிதிக்கக் காலைத் தூக்கியபோது, "கொஞ்சம் இருங்கம்மா" என்று குனிந்து அம்மியைப் புரட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை, ஐயர், மேளக்காரர் எல்லோரும் காத்திருந்தார்கள். இது இந்த மலைக் கல் இல்லை என்று அவர் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பெண்ணால் காலை வைக்க முடிந்தது.

கூடாரத்திலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து ஒன்றே ஒன்று. விரல் நீளத்துக்கு உருளையான கல், பூமியைத் துளைத்தபோது வெளியே வந்தது. அதில் மஞ்சள் மஞ்சளாகச் செம்புத் தாதுப் புள்ளிகள் மின்னும். ஒருநாள் அதை ஆசையோடு என்னிடம் காட்டிவிட்டு, சாயந்தரம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி மேசையில் வைத்துப் போனார்.

என் கெட்ட நேரம், தோட்டத்துக்குப் புதிதாக மானேஜராக வந்திருந்த துரை அதைப் பார்த்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. செம்புக் கல் போலிருக்கிறதே, இது எங்கே கிடைத்தது என்று இங்கிலீசில் கேட்டார். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது, உடம்பெல்லாம் குறும்பு. லயத்துக்குப் பின்னால் மரவள்ளித் தோட்டத்தில் என்று சொல்லிவைத்தேன். அவர் சிரிப்பார், நானும் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், மரவள்ளித் தோட்டத்தைத் தோண்ட இருபது பேர் அலவாங்கும் மண்வெட்டியுமாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். நாட்டில் அரிசிக்கும் மாவுக்கும் ஆலாய்ப் பறந்த காலம் அது. அந்த மரவள்ளிக் கிழங்குதான் லயம் முழுவதுக்கும் சோறு. பெண்கள் கொழுந்து பறிக்கப் போகாமல் தோட்டத்தைச் சுற்றி நின்றுவிட்டார்கள். உண்மையைச் சொல்லலாம் என்று பார்த்தால், வேலை போய்விடுமே.

துரை எரிமலையை மரவள்ளித் தோட்டத்துக்கே கூப்பிட்டனுப்பினார். கல்லைப் பற்றித் தெரிந்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செம்பு கிடைத்தால் சுரங்கத்துக்கு நீதான் மேற்பார்வை, இனி அடுப்பு வேலை வேண்டாம் என்றார். நான் மொழிபெயர்த்தேன். எரிமலையின் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் அவருடைய கல்லை மதித்துப் பேசுகிறார்.

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிழங்குச் செடிகளைப் பார்த்தார்.

"இங்க செம்பு இல்லீங்க தொரை. இந்தக் கல்லு நான் திருகோணமலைப் பக்கமிருந்து கொண்டாந்தது. இங்கன தவறவிட்டுட்டேன். கிளாக்கரய்யா பாவம், தெரியாம எடுத்து வச்சிருக்காரு."

துரைக்குக் கோபம். எப்படி இல்லை என்று சொல்கிறாய், காரணம் சொல் என்றார். காரணம் கேட்டால் எரிமலை விடுவாரா?

"ஆதியில கடலோட அடித்தரை, நெலத்துக்கு அடியில சொருகிக்கிட்டுப் போச்சுங்க. போறப்ப தண்ணியையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. ஆழத்துல சூடா இருக்க பாறையில அந்தத் தண்ணி பட்டா பாறை எளகிப்போயிரும். எளகுனது மேல ஏறும். முழுசா வெளிய வராது, பாதி வழியில நின்னு ஆறும். ஆற ஆறக் கல்லு உறையுது, ஆனா செம்ப உள்ள சேக்க மாட்டேங்குது. கொழம்பு வத்துனா மிச்சத்துல உப்பு ஏறுமே, அப்படி மிச்சத்துல செம்பு ஏறும். கடைசியில உப்பும் கந்தகமும் கலந்த சுடுதண்ணி அந்தச் செம்பத் தூக்கிக்கிட்டு வெடிப்புல ஓடும். சூடு தணியிற எடத்துல எறக்கி வச்சிரும்."

அப்படியானால் இங்கே ஏன் இல்லை என்றார் துரை.

"நாம நிக்கிறது அதுக்கெல்லாம் ரொம்பக் கீழ கெடந்த அடிக்கல்லுங்க. மேல இருந்த மலை மழையில கரைஞ்சு கடலுக்கே போயிருச்சு. செம்பு இருந்திருந்தா…" என்று கையை உயர்த்தி மலை உச்சிக்கும் மேலே, வெறும் ஆகாயத்தைக் காட்டினார். "அந்தா, அங்கன இருந்திருக்கும்."

துரை நிமிர்ந்து பார்த்தார். அலவாங்கோடு நின்ற இருபது பேரும், பெண்களும், நானும் பார்த்தோம். மேலே பனிமூட்டம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு மலை இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் யாரும் குனியவில்லை.

துரை ஆட்களைத் திருப்பி அனுப்பினார். தன் நேரத்தை வீணாக்கிய குற்றத்துக்காக எரிமலையை அடுப்பிலிருந்து தூக்கி, அட்டை கடிக்கும் மலையில் புல் வெட்டப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து மலையேறிப் போய் அவர் முன்னால் நின்றேன். "அண்ணே, என்னால வந்த வெனை, மன்னிச்சிருங்க" என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"தொரை கால்மணி நேரம் நின்னு கேட்டாருல்ல? நான் சொன்னத ஒண்ணு விடாம அவருக்குச் சொன்னீங்கதானே ஐயா?"

என் இங்கிலீசில் ஏது அவ்வளவு வார்த்தை? அன்று பயத்தில், முன்பு இங்கே பெரிய மலை இருந்தது, இப்போது இல்லை என்பதோடு முடித்துவிட்டிருந்தேன்.

"ஒண்ணு விடாம சொன்னேண்ணே."

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டு மறுபடி புல்லுக்குக் குனிந்தார். கல்லைப் பற்றி நான் சொன்ன பொய்யை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இந்தப் பொய்யை மட்டும் அவருக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.