நாலு மணிப் படபடப்பு

"அசையாம படுங்க சார். மூச்சு மட்டும் விட்டா போதும்," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அந்த நொடியே பூட்டுக்கடைக்காரருக்கு மூக்கு அரித்தது.

புருவ மத்தியில், காதுகளில், மணிக்கட்டுகளில், பாதங்களில் என்று உடம்பெங்கும் மெல்லிய ஊசிகள். ஒன்றும் வலிக்கவில்லை. வலிக்கவில்லையே, சரியான இடத்தில்தான் குத்தியிருக்கிறாரா என்று கவலை வந்துவிட்டது. மனுஷர் அப்படி. தான் விற்கும் பூட்டையே நம்ப மாட்டார். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார்.

இங்கே வந்தது மனைவியின் ஏற்பாடு. வங்கியில் வேலை பார்க்கும் அவளுக்கு மறுநாள் கிளை மேலாளர் பதவிக்கு இன்டர்வியூ. பல வருஷமாகக் காத்திருந்து வந்த வாய்ப்பு. அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இவர்தான் ஒரு வாரமாகக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடையாக நடந்தார்.

"சர்டிஃபிகேட் எல்லாம் எடுத்து வெச்சியா?"

"வெச்சிட்டேன்."

"அலாரம்?"

"வெச்சிட்டேன்."

"அடிக்கலேன்னா?"

இன்று காலை அவள் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். "படபடப்புக்கு ஊசி குத்திக்கணும். நாலு மணிக்கு அக்குபங்சர் டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். கூட வாங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்கு இன்டர்வியூவை வைத்துக்கொண்டு இன்றைக்குப் புருஷனைப் பற்றி யோசிக்கிறாளே! ஊசி என்றாலே அவருக்குப் பயம். இருந்தாலும் அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் அவரை இறக்கிவிட்டு, அவள் வண்டி நிறுத்த இடம் தேடிப் போனாள். உள்ளே வரவேற்பில் இருந்த பெண், "நாலு மணிப் படபடப்பு யாருங்க?" என்று குரல் கொடுத்தாள். இவர் கையைத் தூக்கினார்.

"நாளைக்கு இன்டர்வியூன்னு சொன்னாங்களே?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஆமா டாக்டர். என் மனைவிக்கு."

"இன்டர்வியூ அவங்களுக்கு, படபடப்பு உங்களுக்கா?"

"குடும்பம்னா பகிர்ந்துக்கறதுதானே டாக்டர்."

அரிப்பு தாங்காமல் இப்போது மூக்கைச் சுளித்தார். புருவத்து ஊசி ஆடியது. அது விழுந்து கண்ணில் குத்திவிட்டால்?

"டாக்டர்!"

ஓடி வந்தவர் நாடி பிடித்துப் பார்த்தார். "என்ன சார், இந்த அடி அடிக்குது! இன்னும் ரெண்டு வைக்கறேன், அடங்கிடும்."

எங்கே அடங்கியது? மொத்தம் எத்தனை ஊசி என்று எண்ணாமல் விட்டுவிட்டோமே என்று புதுக் கவலை பிடித்துக்கொண்டது. எடுக்கும்போது ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால்? தலையைத் தூக்கிப் பாதத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார். தூக்கிய வேகத்தில் காது ஊசி ஒன்று கழன்று எங்கேயோ விழுந்தது.

"டாக்டர், ஒண்ணு உள்ள போயிடுச்சு!"

"எங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கத்தறேன்?"

பக்கத்துத் திரைக்குப் பின்னால் முதுகு வலிக்கு ஊசி வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தவர் அலறி விழித்தார். "எம்மா, எனக்கும் கொஞ்சம் எண்ணிப் பாரும்மா!"

டாக்டரம்மா மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் தேடினார். போர்வையை உதறினார். ஊசி தலையணை ஓரத்தில் கிடந்தது. மற்றதையெல்லாம் எடுத்து, இவர் கேட்டுக்கொண்டபடி இரண்டு தடவை வாய்விட்டு எண்ணியும் காட்டினார்.

"போதும் சார். இன்னைக்கு இதுக்கு மேல என்னால முடியாது." பக்கத்துக்காரரின் ஊசிகளையும் எடுத்துவிட்டு, தன் மணிக்கட்டைத் தானே அழுத்திக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார்.

கத்தியதாலோ என்னவோ, பூட்டுக்கடைக்காரருக்கு மனசு லேசாகிவிட்டது. துள்ளலாக வெளியே வந்தார். வண்டிக்கு இடம் கிடைத்து அப்போதுதான் வந்து சேர்ந்த மனைவி வரவேற்பு மேசையருகே கைப்பை வாரை முறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"டாக்டர் போயிட்டாங்களா? நாளைக்குக் காலைல எனக்கு இன்டர்வியூம்மா!"

"இனிமே அடுத்த வாரம்தான் மேடம்," என்றாள் வரவேற்புப் பெண்.

"அடுத்த வாரம் எதுக்கு?" என்று இவர் நடுவில் புகுந்தார். "ஒரே தடவைல எனக்குக் குணமாயிடுச்சு. இனிமே நீ நிம்மதியா போ. உன்னை மாதிரி கல்லு மனசு எனக்கு வராதும்மா. ஆமா, வண்டிய ஒழுங்கா பூட்டினியா?"

மனைவி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வரவேற்புப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், நேரம் வாங்கினதே அவங்களுக்குத்தான். படபடப்புக்கு என்ன காரணம்னு கேட்டேன், 'என் வீட்டுக்காரர்'னு சொன்னாங்க."