'வேணாம்' என்றால் புத்தி சரியில்லை

புத்தி பார்க்கிற டாக்டர் என்று ஓர் இனம் இருக்கிறது, தெரியுமா? மனநல மருத்துவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவராவது உட்கார்ந்து கேட்பார். நான் சொல்வது, தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்கிற தெளிவு நோயாளிக்கு இருக்கிறதா என்று நின்றபடியே சோதித்து, படிவத்தில் டிக் அடித்துவிட்டு, ஆறுவதற்குள் டீக்குத் திரும்புகிற ரகம். இந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் நான்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

அவருடைய சட்டம் எளிது. நீங்கள் "சரி டாக்டர்" என்றால் தெளிவானவர், சோதனையே கிடையாது. பாதி மயக்கத்திலும் பாதி பயத்திலும் தலையாட்டினால்கூடப் போதும், நாலு இடத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார். "வேணாம்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குழந்தையிடம் பேசுகிற குரலில், இன்று என்ன கிழமை, இது என்ன இடம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று தொடங்கிவிடுவார். எழுபத்தொன்பதுக்குப் பிறகு அவருக்கே தகராறு.

போன வாரம் இடது பாதத்தில் புண் அழுகிப்போன ஒரு தையல்காரம்மா என்னிடம் மாட்டினார். காலை எடுக்காவிட்டால் உயிர் தங்காது. காலையில் அரை மணி நேரம் விளக்கினேன். ஏதோ சொன்னார், முடிவில் "வேணாம்" என்றார். மகன் வாசலில் நின்று அழுதார். நான் படிவத்தோடு திரும்பிப் போனேன். கிழமையைச் சரியாகச் சொன்னார். கழித்தலில் என்னை முந்தினார்.

"நான் காலையில சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா."

"விஷம் மேல ஏறுது. எடுக்கலன்னா ரத்தத்துல கலந்து செத்துப்போவேன். எடுத்தாலும் ஆபத்து இருக்கு. சரியா?"

"சரி."

"இப்ப நான் சொன்னதை நீங்க சொல்லுங்க தம்பி."

"வேணாம்னீங்க."

"அதுக்கு முன்னால?"

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன், அதில் இல்லை. காலையிலும் கூடவே நின்ற நர்ஸ் அக்காதான் காப்பாற்றினார். "முட்டிக்குக் கீழ எடுத்தா சரின்னாங்க டாக்டர். முட்டி இருந்தா செயற்கைக் கால் மாட்டிக்கிட்டு மிஷின் மிதிப்பாங்களாம். முட்டிக்கு மேலன்னாதான் வேணாம்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க."

அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் ஓடினேன். முட்டிக்குக் கீழேயே போதுமாம், யாரும் கேட்கவில்லையாம். தையல்காரம்மா அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

என் கையிலிருந்த படிவத்தில், 'கேட்டதை மனதில் வைத்துக்கொள்ள முடிகிறதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று வரும் வழியிலேயே டிக் அடித்து வைத்திருந்தேன். அதை அழிக்கத் தேவையே இல்லை, பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று வெட்கத்தோடு நினைத்துக்கொண்டேன்.

சிரிக்கிறீர்களா? அப்படியென்றால் நான் சொல்வதை ஒத்துக்கொள்கிறீர்கள். உங்களுக்குப் புத்தி தெளிவு என்று இப்போதே எழுதித் தந்துவிடுவேன். ஒரே ஒரு கேள்வி. அந்த அம்மாவுக்கு எந்தக் கால்?

மேலே பார்க்காமல் சொல்லுங்கள்.