பூவராகன் துரோகி அல்ல

அரியலூர்
12-9-1986

ஆண்டிமடத்தில் முந்திரி வியாபாரம் செய்பவரும், என் மனைவிக்கு அண்ணனும், என் மகளுக்குத் தாய்மாமனும், எனக்குப் பள்ளிப் பருவம் முதல் தலைவலியுமான மாயவன் அவர்களுக்கு, அரங்கநாதன், எம்.ஏ., பி.டி., எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கை சாந்தாவும் குழந்தை மலர்க்கொடியும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். பிறர் மனதை நோகடிக்கிறவர்களுக்கு ஆண்டவன் நல்ல ஜீரணத்தைக் கொடுத்துவிடுகிறான்.

குழந்தையின் காதணி விழா அழைப்பிதழை அச்சுக்கு முன் பார்க்கும்படி அனுப்பியிருந்தாய். பார்த்தேன். காகிதம் நன்றாக இருக்கிறது. பிள்ளையார் படம் நன்றாக இருக்கிறது. அதற்குக் கீழே, குழந்தையின் தகப்பனார் என்ற இடத்தில் 'அரங்கநாதன் (எ) பூவராகன்' என்று போட்டிருக்கிறாயே, அது நன்றாக இருக்கிறதா? "அப்படிப் போட்டாதான் நம்ம சனத்துக்கு யாரு வூட்டு விசேஷம்னு தெரியும்" என்று ஓரத்தில் பென்சிலில் வேறு எழுதியிருக்கிறாய். உன் தங்கை அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். குழம்பு தீய்ந்தது. தீய்ந்த குழம்பை நான்தான் சாப்பிட்டேன்.

இந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்காது. திருமானூர் டூரிங் டாக்கீஸில் 'மஞ்சள் கையுறை' என்ற உளவாளிப் படம். உன் அப்பா அங்கமுத்து மாமா நம் இருவரையும் அழைத்துப் போனார். நீ மணலைக் குவித்து அதன் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தாய், நான் உனக்குப் பின்னால் பள்ளத்தில். படத்தில் பூவராகன் என்று ஒரு குமாஸ்தா, சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவன். ராணுவ வரைபடத்தைத் தூக்குச்சட்டியின் அடியில் மறைத்து எதிரிக்குக் கொடுக்கிற துரோகி. அவன் கதாநாயகனைக் காட்டிக்கொடுத்து முடித்த நேரத்தில் வெளியே கடைசி பஸ் ஹாரன் அடித்தது. வெளியூர்க்காரர்கள் எல்லாரும் எழுந்து ஓடினோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நீ என்ன சொன்னாய்? "அப்பா, அந்தக் காட்டிக்கொடுத்தவன் மூஞ்சி அப்படியே நம்ம அரங்கு மூஞ்சிப்பா! கண்ணாடிகூட அதே கண்ணாடி!" பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஒரு புளியமரத்தில் மோத இருந்தோம். மோதியிருக்கலாம்.

அன்று முதல் அந்தப் படம் எனக்கு விஷம். பள்ளிக்கூடத்தில் பேனா காணாமல் போனால் பூவராகனைக் கேள் என்றார்கள். கல்யாணத்தில் நீ மேளக்காரரிடம் என்னைப் 'பூவராகன் மாப்பிள்ளை' என்று அறிமுகம் செய்துவைத்தாய். சென்ற வருடம் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி ஒரு பையனிடம் "உங்கள் சரித்திர ஆசிரியர் பெயர் என்ன?" என்று கேட்க, அவன் எழுந்து நின்று, கை கட்டி, மரியாதையாக, "பூவராகன் சார்ங்க" என்றான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை முதல் இங்குள்ள தியேட்டரில் அதே 'மஞ்சள் கையுறை' ஓடுகிறது. நான் போகவே மாட்டேன் என்றேன். சாந்தாதான், "உங்க மூஞ்சி எப்படித்தான் இருக்குன்னு நானும் பாக்குறேன், வாங்க" என்று இழுத்துப் போனாள். படம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூவராகன் காட்டிக்கொடுத்தான். சரியாக அப்போது வெளியே திருமானூர் பஸ் ஹாரன் அடித்தது. ஏறக்குறைய தியேட்டரே எழுந்து ஓடியது. நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். சாந்தா என் வேட்டியைப் பிடித்து, "எங்க ஓடுறீங்க? நம்ம வூடு பின்னாடி தெருவுலதானே இருக்கு!" என்றாள். உட்கார்ந்தேன்.

மச்சான், பூவராகன் துரோகி அல்ல! அவன் நம் நாட்டு உளவாளி! எதிரிக்குக் கொடுத்தது பொய் வரைபடம்! கடைசி ரீலில் அவன் கண்ணாடியைக் கழற்றி எறிகிறான், கதாநாயகன் மேல் வரவேண்டிய குண்டைத் தன் தோளில் வாங்கிக்கொள்கிறான், ஜெனரல் வந்து சல்யூட் அடித்து அவன் சட்டையில் மெடல் குத்துகிறார். நம் பக்கத்து ஜனங்கள் ஒருத்தரும் இதைப் பார்த்ததில்லை. இத்தனை வருடமும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடி ஓடி, ஒரு தேசபக்தனைத் துரோகி ஆக்கி, அந்தப் பெயரை எனக்கு வைத்திருக்கிறீர்கள்! நான் பெஞ்சின் மேல் ஏறிக் கை தட்டினேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. சாந்தா சாட்சி சொல்வாள் என்றால், "கண்ணாடிய கழட்டுனாரே, அப்பதான் உங்க சாடையே இல்ல" என்கிறாள்.

வெளிச் சாட்சி வேண்டும் என்று மறுநாள் டிராயிங் மாஸ்டர் கருப்பண்ணனை என் செலவில் அழைத்துப் போனேன். ஹாரன் அடித்ததும் ஓடிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நானே தியேட்டர் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்று, "யாரும் போகாதீங்க, கடைசி ரீல் இருக்கு!" என்று தடுத்தேன். ஒரு அம்மாள், இருசம்மாள் என்று பெயர், "வழிய விடுங்க சார், பஸ்ஸ விட்டுட்டு உங்க வூட்லயா வந்து படுக்கறது?" என்றாள். ஆவேசத்தில் நான், "வாங்க, வந்து படுங்க!" என்று சொல்லிவிட்டேன். வந்து படுத்துவிட்டார்கள். அந்த அம்மாள், அவள் பிள்ளைகள், தங்கை, தங்கை வீட்டுக்காரர், ஒரு ஆட்டுக்குட்டி. அத்தனை பேருக்கும் சாந்தா உப்புமா கிண்டினாள். ஆட்டுக்குட்டி என் எம்.ஏ. சான்றிதழின் ஓரத்தைத் தின்றது. காலையில் ஆவலோடு கேட்டேன்: "கடைசியிலே பூவராகன் எப்படி?" இருசம்மாள் யோசித்தாள். "அட போங்க சார். பஸ்ஸு போயிடுச்சேங்கற கவலையில யாரு படத்தப் பாத்தா? உப்புமா நல்லா இருந்துச்சு."

ஆகவே, மச்சான், நீயே வந்து பார்க்கவேண்டும். வியாழக்கிழமை வரை ஓடுகிறது. நம் வீட்டில் தங்கு. கடைசி ரீலைப் பார், பிறகு உன் கையாலேயே அந்த '(எ) பூவராகன்' என்பதை அடித்துவிடு. முடியாது என்றால், குழந்தையை உன் மடியில் வைத்துக் காது குத்த விடமாட்டேன். வேறு தாய்மாமனுக்கு எங்கே போவாய் என்று கேட்காதே. உன் பெரியப்பா மகன் அய்யம்பெருமாள் இருக்கிறான். அவன் யாருக்கும் பெயர் வைத்ததில்லை.

வீட்டில் உன் மனைவிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். முந்திரி அனுப்பினால் போன தடவை மாதிரி உடைசலாக அனுப்பாதே.

இப்படிக்கு,
உன்னை மன்னிக்கத் தயாராக இருக்கும்,
அரங்கநாதன்
(வேறு பெயர் எதுவும் இல்லை)

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடப் போனேன். திருமானூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "என்ன கடைசி ரீலு சார், இன்னிக்கு உங்க வூட்ல எத்தன பேரு?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. பள்ளிக்கூடம் போனால் கரும்பலகையில் 'கடைசி ரீல்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கருப்பண்ணனின் கையெழுத்து மாதிரித் தெரிகிறது. வீட்டுக்கு வந்தால் மலர்க்கொடி ஓடிவந்து, "ரீலப்பா!" என்று காலைக் கட்டிக்கொள்கிறது. எனவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. அழைப்பிதழில் பூவராகனை அடிக்காதே. எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல். மடி உன் மடிதான். நீ உடனே புறப்பட்டு வா. வந்ததும் உள்ளே நுழையாமல் தெருவிலேயே நின்று, இந்த ஊருக்கே கேட்கும்படி, உன் பழைய குரலில், "டேய் பூவராகா!" என்று ஒரு தடவை கூப்பிடு. கதவைத் திறக்க நான் கொஞ்சம் தாமதித்தால், இன்னொரு தடவையும் கூப்பிடு.